ஏழாயிரம் கம்ப்யூட்டர்களில் என் பெரிய மச்சான்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும் பஸ் டெப்போவின் டைம் கீப்பருமாகிய உங்கள் மாப்பிள்ளை இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் தனித்தனியாக நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதக் காரணம், பதினோரு நாட்களாக நான் போன் செய்யும்போதெல்லாம் அக்காதான் எடுத்து, நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். நான் எண்ணிய வரையில் முப்பத்திரண்டு முறை குளித்திருக்கிறீர்கள். ஈரத் தலையோடு இருக்க வேண்டாம் என்று காய்கறிப் பட்டியலின் அடியில் உங்கள் தங்கை எழுதி வைத்திருந்தாள். அவள் என்னோடு பேசுவது இப்போதெல்லாம் அந்தப் பட்டியல் வழியாகத்தான்.

போன இரண்டு ஞாயிறும் நீங்கள் சாப்பிட வரவில்லை. பத்தொன்பது வருடமாக மழையோ வெயிலோ ஞாயிறு மதியம் நம் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டிருக்கிறோம். முதல் ஞாயிறு உங்கள் தங்கை உங்களுக்குத் தட்டு வைத்தாள், அக்காவுக்குத் தட்டு வைத்தாள், எனக்கு வைக்க மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன். இரண்டாவது ஞாயிறும் அதே மறதி. வருகிற ஞாயிறாவது நீங்கள் வர வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆபீஸ் டெக்னீஷியன் சொன்னதை மட்டும் வைத்து என்னைத் தள்ளி வைத்துவிடாதீர்கள்.

எங்கள் டெப்போவில் எந்த பஸ் எந்த நடைமேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று காட்டுகிற, ஒலிபெருக்கியில் சொல்கிற ஒரு புரோகிராமை நானே எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குவதற்கு உள்ளே ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ஆபரேட்டிங் சிஸ்டம், பத்திரிகைகளில் இயங்குதளம் என்று எழுதுவார்கள். அதில் மூன்று நான்கு ரகம். ஒவ்வொன்றையும் பேசவைப்பதற்கு ஒவ்வொரு வழி. ஆகவே புரோகிராம் முதலில், நாம் யார் வீட்டில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கோடில், அதாவது புரோகிராமாக நாம் எழுதுகிற வரிகளில், ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் வைக்கிற பெயரையே எழுதலாம்தான், ஆனால் அவர்கள் இந்த வருடம் ஒரு பெயர் வைப்பார்கள், மூன்று வருடம் கழித்து அதன் பின்னால் ஒரு எண் சேர்ப்பார்கள், பிறகு எண்ணை எடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டி விழா எடுப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் கோடைத் திறந்து மாற்றிக்கொண்டிருக்க முடியுமா, டெப்போவில் நூற்றுப்பத்து பஸ் நிற்கிறது. மாறாத பெயராக வேண்டும் என்று யோசித்தேன். உலகத்தில் மாறாதது உறவுமுறை ஒன்றுதான் என்று தோன்றியது. அத்தை நாளைக்கே மாமாவாகப் போவதில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தது. பார்க்க லட்சணமாக, தன் ஒயரைத் தவிர வேறு ஒயரைத் தொடாத ரகத்துக்கு அத்தை என்று பெயர் வைத்தேன். என் அத்தையை உங்களுக்குத் தெரியும், எங்கே போனாலும் தன் தலையணை, தன் ஸ்பூன், தன் துண்டு. இலவசமாகக் கிடைக்கிற, எல்லாம் தெரிந்த, ஆனால் அது எதிர்பார்க்கிற மாதிரியே கேட்டால்தான் பதில் சொல்கிற ரகத்துக்குச் சித்தப்பா. ஆபீஸ் ஆபீசாக இருக்கிறதே, அந்த ரகத்துக்கு நீங்கள். பெரியமச்சான், இடைவெளி இல்லாமல் ஒரே வார்த்தையாக. மறைக்காமல் சொல்கிறேன், காரணம் இதுதான். எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்த ரகம் இருக்கும், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நீங்கள் இருப்பீர்கள். தெரியாத பிரிண்டரைக்கூட விசாரித்துச் சேர்த்துக்கொள்ளும். காலையில் எழுந்து உட்காரக் கொஞ்சம் நேரமாகும். முக்கியமான வேலைக்கு நடுவில், எல்லாரும் நில்லுங்கள், எனக்கு ஒரு அப்டேட் இருக்கிறது என்று நிறுத்தும், தன் காரியத்தை முடித்துவிட்டுத்தான் நம்மை விடும். நாங்கள் ஊருக்குக் கிளம்பிச் செருப்பும் மாட்டிய பிறகு நீங்கள் வந்து, ஃபேனில் தூசி இருக்கிறது என்று கழற்றி இறக்கித் துடைத்தது நினைவிருக்கும். அன்றைக்கு எங்கள் பஸ் போய்விட்டது, நான் டைம் கீப்பர்.

இது என் டெப்போவோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. நான் அதை ஓப்பன் சோர்ஸ் ஆக்கினேன். எழுதியதைப் பூட்டி வைக்காமல், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், தப்பிருந்தால் திருத்தட்டும் என்று வாசலில் வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். நான் பஸ் நேரத்தைத்தான் வாசலில் வைக்கிறேன் என்று நினைத்தேன், குடும்பத்தையே வைக்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் வேறு நாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார், நோயாளிகளை வரிசைப்படி கூப்பிட எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ரொட்டிக்கடைக்காரர், அடுத்த சூடான ரொட்டி எத்தனை மணிக்கு என்று காட்டுவதற்கு. பிறகு படகுத்துறை, பள்ளிக்கூடம், சலவைக்கடை என்று ஏழாயிரம் இடம். காலையில் எழுந்ததும் போர்டு அத்தை தயார், சித்தப்பா தயார் என்று காட்டும், மற்ற வார்த்தையெல்லாம் அவரவர் மொழியில் வரும், உறவுமுறை மட்டும் நம் பாஷையிலேயே நிற்கும். அவர்களே கூடி விதி எழுதினார்கள்: புதிய ரகம் வந்தால் அதற்கு ஒரு உறவின் பெயர்தான் வைக்க வேண்டும், குணம் பொருந்துகிறதா என்று எல்லோரும் பேசி முடிவு செய்ய வேண்டும், வைத்த பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது, ஏனென்றால் அந்தப் பெயரை நம்பி மற்றவர்கள் வேறு புரோகிராம்கள் எழுதியிருப்பார்கள். செல்போனுக்கு என்று ஒரு ரகம் சேர்ந்தபோது, ஒவ்வொரு கம்பெனி போனிலும் அது ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது என்பதால் ஒன்பது நாள் விவாதித்துச் சம்பந்தி என்று வைத்தார்கள். அந்தப் பெயரைச் சிபாரிசு செய்தது ரொட்டிக்கடைக்காரர். அவர் பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது.

இப்போது உங்கள் மரச்சாமான் கிடங்குக்கு வருகிறேன். லாரிகள் வந்து போகும் நேரத்தைக் காட்ட உங்கள் டெக்னீஷியன் இந்தப் புரோகிராமைப் போட்டது சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் ஆபீசில் இருந்தது அந்த ரகத்திலேயே ஆகப் பழையது, மன்னிக்கவும், கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். அவ்வளவு பழையதைப் பார்த்தால் புரோகிராம் ஒரு எச்சரிக்கை காட்டும். ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை, நாற்பது ஊழியர்கள் நிற்க, மேலாளராகிய நீங்கள் ரிப்பன் வெட்டிய போர்டில், சிவப்பு எழுத்தில், பெரியமச்சான் மிகவும் பழையவர், இனி இவரைக் கவனிக்க இயலாது, அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ மாறிக்கொள்ளவும் என்று வந்திருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியது நானில்லை, எங்கள் குழுவில் இருக்கிற ஒரு கல்லூரி மாணவி. அவள் பழையது என்றுதான் எழுதியிருந்தாள். பெரியவரை அப்படிச் சொல்வதா என்று பழையவர் ஆக்கினது மட்டும் நான். மரியாதை செய்யப்போய் மாட்டிக்கொண்டேன். டெக்னீஷியனும் சும்மா இருக்காமல், இதை எழுதியவரின் சொந்த மச்சான் பெயராம் சார் இது, உலகம் முழுக்கப் பிரபலம் என்று சொல்லி, எழுதியவரின் பெயரையும் காட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் எனக்கு உங்கள் போன் வந்தது.

"மாப்பிள்ளே, நான் பழசாயிட்டேனாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நீங்கள் கத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. காலையில் உட்கார்ந்து கோடில் எங்கெல்லாம் பெரியமச்சான் இருந்ததோ, எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு ரகம்1 என்று போட்டேன். எந்த மாற்றம் செய்தாலும் அதற்கு ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது ஓப்பன் சோர்ஸ் வழக்கம். வீட்டு விவகாரத்தை ஊருக்குச் சொல்வானேன் என்று, குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பெரியமச்சான் அகற்றப்படுகிறார் என்று எழுதிவிட்டு எழுந்தேன். அரைமணி நேரத்தில் டெப்போவிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார், போர்டு மொத்தமும் இருட்டு, ஒலிபெருக்கி மட்டும் யாரென்று தெரியவில்லை, யாரென்று தெரியவில்லை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, பயணிகள் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று நடைமேடை நடைமேடையாகத் தேடுகிறார்கள் என்றார். நான் பெயரை மாற்றியது சரி, அந்தப் பெயரை நம்பி எழுதியிருந்த மற்ற புரோகிராம்களுக்கு யார் சொல்வது. நான் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பதினான்காம் எண் பஸ் ஆறாவது நடைமேடையில் நின்றது, ஆறாவது நடைமேடை பஸ்ஸின் டிரைவர் கோபித்துக்கொண்டு வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். நான் மெகாபோனை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தொண்டை கிழிய நேரம் சொன்னேன், எல்லாம் உங்களால், இல்லை, என்னால்.

அந்த அமளியில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதில் செய்தி வந்தபடி இருக்க, உங்கள் தங்கை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பெரியமச்சான் அகற்றப்படுகிறார் என்பதைப் படித்துவிட்டு ஏழு நாட்டுக்காரர்கள் அனுதாபம் அனுப்பியிருந்தார்கள். எழுபத்து மூன்று செய்திகள். நல்ல மனிதர், கடைசி வரை உழைத்தார் என்று படகுத்துறைக்காரர். குடும்பத்துக்குத் தைரியம் கிடைக்கட்டும் என்று மாணவி, அழுகிற முகம் ஆறு போட்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் அன்று முழுக்கத் தன் போர்டில் ரொட்டி நேரத்தை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு, கீழே மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் அனுப்பியிருந்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் உங்கள் தங்கைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் போட்டாள். அக்கா எடுத்து, குளிக்கிறார் என்றார். அந்தப் பதில் இத்தனை நாளில் அன்று ஒரு தடவைதான் எங்கள் வீட்டில் இனித்தது. நான் திரும்பி வந்து பெயரைப் பழையபடி வைத்து, அவர் உயிரோடு இருக்கிறார், என் மேல் கோபமாக மட்டும் இருக்கிறார் என்று எழுபத்து மூன்று பேருக்கும் பதில் எழுதினேன். அன்றிலிருந்துதான் உங்கள் தங்கை பட்டியல் முறைக்கு மாறினாள். அந்தப் பட்டியலிலேயே அவள் கேட்ட இன்னொரு கேள்வி, என்னை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. புரோகிராமில் எந்தக் கோளாறு எங்கே வந்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும், அந்த இடத்துக்கு வீட்டம்மா என்று பெயர். அதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இனி ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மாணவி, பெரியமச்சான் ரகத்தையே விட்டுவிடலாம், மெதுவாக இருக்கிறது என்று ஒரு யோசனை வைத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து மறுத்தார்கள். நர்ஸ் எழுதியதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதெல்லாம் பெரியமச்சான்தான், காலையில் அவர் எழுவதற்குள் நான் டீ குடித்து முடித்துவிடுவேன், ஆனால் வரிசையில் நோயாளிகள் நிற்கும்போது அவர் ஒரு நாளும் படுத்ததில்லை, அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது நான் கம்ப்யூட்டரை நினைக்கவில்லை. உங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட பெட்டியை நீங்கள் எனக்குக் கொண்டுவந்த நாளை நினைத்தேன். லிஃப்ட் பழுது, நான்கு மாடி. நீங்கள் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தீர்கள், நான் கீபோர்டைத் தூக்கி வந்து மூச்சு வாங்கினேன். டெப்போ மொத்தமும், டைம் கீப்பருக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்துக்கொண்டிருந்த சமயம். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒயரைச் செருகிவிட்டு, "இது ஓடும் மாப்பிள்ளே, நீங்க எழுதுங்க" என்றீர்கள். அது அந்த ரகம். அந்த வாரமே கோடில் உங்கள் பெயரை எழுதினேன். குறும்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், பாதி குறும்பு, பாதி நன்றி. எழுதும்போது மனசுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது மச்சான், அவ்வளவுதான்.

ஆனாலும் உங்களுக்கு வருத்தம் என்றால் வருத்தம்தான். குழுவினரிடம் எடுத்துச் சொன்னேன். விதி விதிதான், ஆனால் ஆளுக்கே மனசு நோகிறதென்றால் விதியை வைத்து என்ன செய்வது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, அவரவர் புரோகிராமை அவரவர் திருத்தினார்கள். நர்ஸ் இதற்காக இரண்டு நாள் லீவு போட்டார். திங்கட்கிழமை காலையிலிருந்து ஏழாயிரம் இடத்திலும் பெரியமச்சான் கிடையாது, ரகம்1தான். ஒரு இடத்தில் பாக்கி இல்லை, நான் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். இனி உங்களை எந்தப் போர்டும் எதுவும் சொல்லாது. மனதை ஆற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். ஃபேனிலும் தூசி இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், போனை எடுத்து எடுத்துக் கை வலித்திருக்கும். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்களைத் திட்டியாவது வாழ்த்த வேண்டும்.

என்றும் உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் எழுதி, மடித்து, உறையில் போட்டு, ஒட்டியும் ஆகிவிட்டது. அப்போதுதான் வாசல் மணி அடித்தது. இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன், நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "திங்கக்கெழமைலேருந்து போர்டுல ரகம் ஒண்ணு, ரகம் ஒண்ணுன்னு வருதே, யாரு அது?" உங்கள் பெயரை எடுத்துவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றீர்கள். பிறகுதான் தெரிந்தது, டெக்னீஷியன் அந்த நர்ஸ் எழுதியதை உங்கள் ஊழியர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், அதிலிருந்து தினமும் காலையில் அவர்கள் போர்டுக்கு முன்னால் கூடி, பெரியமச்சான் தயார் என்று வந்ததும் கை தட்டியிருக்கிறார்கள், மரம் கொண்டுவந்த லாரி டிரைவர் ஒருவர் உங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். வாசலிலேயே கிடந்த எழுபத்து மூன்று அனுதாபத்தையும் அவர் காட்ட, ஒன்றுவிடாமல் படித்திருக்கிறீர்கள். "நான் நெசமாவே போனாக்கூட நம்ம சொந்தத்துல இத்தன பேரு எழுத மாட்டாங்க மாப்பிள்ளே. கோவம் மூணு நாள்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படி எறங்கி வர்றதுன்னு தெரியல, அதான் குளிச்சிட்டே இருந்தேன். அத்தையும் சித்தப்பாவும் அப்படியே இருப்பாங்க, நான் மட்டும் ரகம் ஒண்ணா?"

ஆகவே மேலே பெயரை எடுத்துவிட்டேன் என்று எழுதியதை எடுத்துவிடவும். லீவு போட்டு உழைத்த நர்ஸிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தயங்கித் தயங்கி எழுதினேன், பழைய பிரதியை அழிக்காமல் வைத்திருக்கிறேன், அவர் எப்படியும் வருவார் என்று தெரியும் என்று ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. எச்சரிக்கை வாசகத்தையும் நீங்கள் சொல்லச் சொல்ல மாற்றியாகிவிட்டது: பெரியமச்சான் அனுபவஸ்தர், அவசரப்படுத்த வேண்டாம். உங்கள் தங்கை சமையலறையிலிருந்து, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள், இன்று புதன்கிழமை என்பது யாருக்கும் நினைவில்லை. ஆள்தான் வந்துவிட்டாரே என்று கடிதத்தை உங்கள் கையிலேயே நீட்டினேன், நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். "கையில குடுத்தா அது துண்டுச்சீட்டு மாப்பிள்ளே. ஆபீசு விலாசத்துக்குத் தபால்ல அனுப்புங்க. நாப்பது பேரு முன்னாடி நான் பிரிச்சுப் படிக்கணும்."